காயலான் கடை ஹெரால்டும் சோழவரம் ரேஸ் காரும்

"மாமா, ஒரு பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வெலைக்கு வருது. வாங்கி ரேஸ் கார் ரெப்ளிகா கட்டலாமா?"

கேட்டது என் அக்கா மகன். பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் படிக்கிறான். கேள்வியோடு ஒரு படமும் அனுப்பியிருந்தான். இங்கிலாந்தில் யாரோ ஒருவர் பழைய டிரையம்ப் ஸ்பிட்ஃபயரை எடுத்து, 1965-இல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓடிய காரைப்போலவே கட்டி நிறுத்தியிருக்கிறார். பச்சை பெயிண்ட், வெள்ளை வட்டத்துக்குள் நம்பர், பின்பக்கம் சரிந்து இறங்கும் கூரை. பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது.

போனில் பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. சிறுவாச்சூரில் ரோட்டோரம் லேத் பட்டறை வைத்திருப்பவன் நான். திருச்சி சென்னை நெடுஞ்சாலையில் போகிற வண்டிகளுக்கு வேலை பார்த்தே வளர்ந்தவன். பழைய கார், ரேஸ் கார் இரண்டின்மீதும் எனக்குப் பிரியம் அதிகம். அவனுக்குச் சொல்ல வேண்டியதை எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. அவன் கேட்ட ஹெரால்டுக்கும் அனுப்பிய படத்துக்கும் இருப்பது ரத்த உறவு. ஹெரால்டை வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜியோவான்னி மிக்கெலோட்டி. இங்கிலாந்தில் 1959-இல் வந்தது. 1961 முதல் அதே காரைச் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி தயாரித்தது. வண்டலூர்ப் பக்கம் ஆலை. அம்பாசடர், பியட்டுக்கு அடுத்து ஒரு காலத்தில் நம் ரோடுகளில் ஓடிய மூன்றாவது கார் இதுதான். அந்த மூன்றில் தமிழ்நாட்டில் உருவானது இது ஒன்றே.

1962-இல் வந்த ஸ்பிட்ஃபயரையும் வரைந்தவர் மிக்கெலோட்டிதான். ஹெரால்டு சேசிஸைச் சுருக்கி அதன்மேல்தான் ஸ்பிட்ஃபயர் உட்கார்ந்தது. ஹெரால்டில் முன் வீலுக்கும் பின் வீலுக்கும் நடுவே 91.5 அங்குலம். ஸ்பிட்ஃபயரில் 83. எஞ்சினும் ஒரே வம்சம். நம் ஹெரால்டுக்கு 948 சிசி, முதல் ஸ்பிட்ஃபயருக்கு 1147 சிசி. பிஸ்டன் ஏறி இறங்கும் உயரம் இரண்டிலும் 76 மில்லிமீட்டர். சிலிண்டர் துளையை மட்டும் பெரிதாக்கியிருந்தார்கள்.

அந்தச் சின்ன எஞ்சினை வைத்துக்கொண்டுதான் டிரையம்ப் கம்பெனி லெ மான்ஸுக்குப் போனது. 1964-இல் மூன்று கார். இரண்டு வழியிலேயே அடிபட்டு நின்றுவிட, மூன்றாவது 21-ஆவது இடத்தில் முடித்தது. அடுத்த ஆண்டு நான்கு காரோடு போய் 13, 14-ஆவது இடங்களையும், தங்கள் எஞ்சின் பிரிவில் முதல் இரண்டு இடங்களையும் பிடித்தார்கள். ஃபெராரியும் ஃபோர்டும் பெரிய எஞ்சினோடு மோதிக்கொண்ட பந்தயத்தில், அம்பாசடரைவிடச் சின்ன எஞ்சின் ஒரு முழு இரவும் பகலும் நிற்காமல் ஓடி முடித்தது. என்னைக் கேட்டால், அந்தக் காருக்கு ரெப்ளிகா கட்டுகிறவர்கள் எல்லாம் அந்தப் பிடிவாதத்துக்காகத்தான் கட்டுகிறார்கள்.

ஆக, வண்டலூரில் செய்த சேசிஸின்மேல் லெ மான்ஸ் ஸ்பிட்ஃபயரைக் கட்ட முடியுமா? முடியும். ஆனால் அதற்கு முன்னால் நான் அவனிடம் திருப்பிக் கேட்டது, "வண்டி எந்த நெலமையில இருக்குடா?"

எல்லாம் அதில்தான் இருக்கிறது. கதவு சரியாக மூடுகிறது, தரைத் தகடு உளுத்துப் போகவில்லை, ஆர்.சி. புக் கையில் இருக்கிறது, எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் பொருந்துகின்றன என்றால் அந்த ஹெரால்டை யாரும் அறுக்கக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஹெரால்டு இனி ஒன்றுகூடப் புதிதாகப் பிறக்காது. எங்கள் சாத்தனூரில் 12 கோடி ஆண்டுக்கு முந்தைய கல்மரம் கிடக்கிறது. வேலி போட்டுக் காக்கிறோம். அதைச் செதுக்கி அழகான சிலை செய்து தருகிறேன் என்று ஒரு நல்ல சிற்பி வந்தாலும் கொடுப்போமா? ஒரிஜினலை அழித்துப் பிறக்கிற நகலால் யாருக்கும் லாபமில்லை.

அதே வண்டி மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் கூரை சரிந்து, பாதித் தகடு மண்ணாகி, பேப்பர் எதுவும் இல்லாமல், வெறும் சேசிஸும் பானெட்டுமாகக் கிடந்தால் கதை வேறு. அடுத்த வாரம் எடைக்குப் போகப் போகிற இரும்பு அது. அதிலிருந்து ஒரு ரேஸ் கார் எழுந்தால் அதுதான் மறுபிறவி. வெளிநாட்டிலும் நேர்மையான ரெப்ளிகாக்காரர்கள் இப்படிப்பட்ட வண்டியைத்தான் தேடிப்பிடிக்கிறார்கள்.

ஹெரால்டில் ஒரு வசதி, அதற்குத் தனிச் சேசிஸ். இன்றைய கார்களைப் போல உடம்பே எலும்பாக இருக்கிற கட்டுமானம் கிடையாது. நடுவில் முதுகெலும்பு மாதிரி இரண்டு பெட்டிக் கம்பி ஓடும். அதிலிருந்து பக்கவாட்டில் கைகள் நீளும். உடல் பாகங்கள் போல்ட் போட்டு மேலே உட்காரும். பானெட்டும் இரண்டு மட்கார்டும் சேர்ந்து ஒரே துண்டாக முன்னால் கவிழும். திறந்தால் எஞ்சின், ஸ்டியரிங், முன் சஸ்பென்ஷன் எல்லாம் வெட்டவெளி. டயர்மேல் உட்கார்ந்தே டியூனிங் பார்க்கலாம். நான் வேலை பார்த்த எந்தக் காரிலும் இவ்வளவு சுகமான எஞ்சின் அறை இல்லை.

சேசிஸின் பக்கக் கைகளில்தான் துரு முதலில் பிடிக்கும். மேலே தார் பூசி மறைத்திருப்பார்கள். சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று கேட்டால் இரும்பு, மொத்தென்று கேட்டால் உள்ளே ஒன்றுமில்லை. அப்புறம் நான்கு மூலைக்கும் டேப் பிடித்துக் குறுக்கு அளவு எடுக்க வேண்டும். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இல்லையென்றால் வண்டி எப்போதோ அடிபட்டிருக்கிறது. சேசிஸை நேர்ப்படுத்தாமல் மேலே என்ன பாடி கட்டினாலும் வீண். லெ மான்ஸ் ரெப்ளிகா வேண்டுமென்றால் நடுவில் எட்டரை அங்குலம் எடுத்து மறுபடி ஒட்ட வேண்டும். தரையில் வைத்துப் பற்றவைக்கிற வேலை இல்லை இது. கனமான சட்டத்தில் இறுக்கிக் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக, இந்தப் பக்கம் ஒரு பொட்டு அந்தப் பக்கம் ஒரு பொட்டு என்று வைத்துத்தான் வெல்டிங் போக வேண்டும். வெல்டிங் சூட்டில் இரும்பு இழுத்துக்கொள்ளும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பின் ஆக்சில்.

ஹெரால்டின் பின் சக்கரங்கள் தனித்தனியாக அசையும். இரண்டு பக்கமும் அரை ஆக்சில், நடுவில் டிஃபரென்ஷியல் பக்கம் மட்டும் ஒரு மூட்டு, மேலே குறுக்கே ஒரு பிளேட் ஸ்பிரிங். 1959-இல் பிரிட்டிஷ் சின்னக் காரில் இது புதுமை. நேர் ரோட்டில் மெத்தென்று போகும். வளைவில்தான் ஆபத்து. வேகமாகத் திரும்பும்போது ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் வண்டியின் பின்பாகம் மேலே எழும்பும். வெளிப்பக்கச் சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கும். டயர் தன் முழுப் பரப்பில் நிற்காமல் ஓரத்தில் நிற்கும். அடுத்த நொடி வண்டி சுற்றும். சந்தைக்குப் போகிற வேகத்தில் இது தெரியாது. ரேஸ் டிராக்கில் முதல் வளைவிலேயே தெரிந்துவிடும்.

இதற்கு ரேஸ்காரர்கள் கண்ட வழி, பின்பக்கத்தைத் தாழ்த்தி, நிற்கும்போதே சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கும்படி வைப்பது. அப்படி வைத்தால் வளைவில் எழும்பினாலும் சக்கரம் நேர் நிலைக்குத்தான் வரும், மடங்காது. டிரையம்ப் கம்பெனியே 1970-இல் வந்த ஸ்பிட்ஃபயரில் ஸ்பிரிங்கின் அமைப்பை மாற்றி இந்த நோயைப் பெரிதும் தீர்த்தது. நம் ஊர் ஸ்டாண்டர்ட் கம்பெனி இன்னும் நேரடியாகப் போனது. 1970-களின் தொடக்கத்தில் ஹெரால்டுக்கு அடுத்து வந்த கெஸலில் தனித்தனி ஆக்சிலை எடுத்துவிட்டு ஒரே முழு ஆக்சிலைப் போட்டுவிட்டார்கள். நம் ரோட்டுக்கு அதுதான் தாங்கும் என்று முடிவு செய்த அந்தச் சென்னை எஞ்சினியர்களை நினைத்தால் எனக்குப் பெருமை. இங்கிலாந்துப் படத்தைப் பார்த்து ரெப்ளிகா கட்டுகிறவர்களுக்கு இந்த வழி தெரியாது. வண்டலூர் கண்டுபிடித்த வழி இது.

பாடி வேலை எங்களுக்குப் புதிதில்லை. கரூரில் பஸ் பாடி, நாமக்கல்லில் லாரி பாடி, கோயம்புத்தூரில் வார்ப்படம். எல்லாம் அரை நாள் பயணத்துக்குள். லெ மான்ஸ் காருக்கு அலுமினியத் தகட்டில் உடலும் ஃபைபர் கிளாஸில் கூரையும் செய்திருந்தார்கள். அலுமினியம் தட்டி எடுக்கிற ஆள் இன்று குறைவு. மர அச்சு செய்து, மணல் மூட்டைமேல் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி வளைக்கிற வேலை அது. அவசரப்பட்டால் தகடு கிழியும். ஃபைபர் என்றால் இங்கேயே செய்யலாம். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் பெரம்பலூர் மாவட்டத்தில் ரெசின் கலக்குகிறவர்கள் ஹார்டனரைக் குறைக்க வேண்டும். இல்லையென்றால் பிரஷ் எடுப்பதற்குள் டப்பாவிலேயே இறுகிவிடும். விடியற்காலை வேலைதான் சரி.

இவ்வளவும் சொன்ன பிறகு அவனிடம் நான் வைத்த யோசனை வேறு. "லெ மான்ஸ் கார் கட்டுறவன் உலகம் பூரா இருக்கான்டா. சோழவரம் கார் கட்டுறவன் எங்க இருக்கான்?"

அவனுக்குச் சோழவரம் தெரியவில்லை. ரெட் ஹில்ஸ் தாண்டி, இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுதளம். போர் முடிந்து சும்மா கிடந்த அந்த கான்கிரீட்டில்தான் சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்தியது. கிளப் தொடங்கியது 1953. கல்கத்தாவுக்கு பரக்பூர், பம்பாய்க்கு ஜுஹு போல நமக்குச் சோழவரம். 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளத்தில் சொந்த டிராக் வரும்வரை தென்னிந்திய ரேஸின் தலைநகரம் அதுதான். வெளிநாட்டுக் கார் இறக்குமதி செய்ய முடியாத காலம். ஊரில் கிடைத்த பியட்டையும் ஹெரால்டையும் உரித்து, சீட்டைக் கழற்றி, கார்புரேட்டரை மாற்றி, சைலன்சரை அறுத்து ஓட்டினார்கள். பழைய எஞ்சினை எடுத்துச் சொந்தமாகச் சட்டம் கட்டி அதில் மாட்டியவர்களும் உண்டு. அந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு இன்று ஒரு நல்ல கலர் படம்கூடத் தேறாது.

சோழவரத்தில் வளர்ந்த ஒருவரைச் சொல்லியே ஆக வேண்டும். கோயம்புத்தூர் கரிவர்தன். மில் குடும்பத்தில் பிறந்தவர். தானே ஓட்டுவார், தானே வடிவமைப்பார். 1980-களின் கடைசியில் அவர் செய்த வேலைதான் இந்திய ரேஸிங்கை மாற்றியது. மாருதி 800 அப்போது புதிது. அதன் எஞ்சினும் கியர்பாக்ஸும் டிஃபரென்ஷியலும் ஒரே கட்டாக முன் சக்கரங்களுக்கு நடுவே இருக்கும். அந்த முழுக் கட்டையும் கழற்றி, ஓட்டுநருக்குப் பின்னால் வைத்து, சுற்றிலும் குழாய்ச் சட்டம் கட்டினார் கரி. முன் சக்கரங்களை இழுத்த எஞ்சின் பின் சக்கரங்களைத் தள்ள ஆரம்பித்தது. ஒற்றை இருக்கை, மூடாத சக்கரம், 796 சிசி. பார்முலா மாருதி பிறந்தது.

எந்த ஊர் மெக்கானிக்கும் பழுது பார்க்கக்கூடிய எஞ்சின். எந்த டவுனிலும் கிடைக்கிற ஸ்பேர். பணக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும் என்றிருந்த ரேஸின் கதவை அந்தக் கார்தான் கொஞ்சம் திறந்துவிட்டது. நரேன் கார்த்திகேயன் 1990-களின் தொடக்கத்தில் முதலில் உட்கார்ந்த ரேஸ் கார் அதுதான். 2005-இல் அவர் பார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கருண் சந்தோக் 2000-இல் பார்முலா மாருதி சாம்பியன், 2010-இல் பார்முலா ஒன். இந்தியாவிலிருந்து அந்த உச்சிக்குப் போனவர்கள் இதுவரை இரண்டே பேர். இரண்டு பேரும் கரியின் கார் வழியாகப் போனவர்கள். 1995-இல் சிறிய ரக விமான விபத்தில் கரி இறந்துபோனார். வயது நாற்பதை ஒட்டித்தான் இருக்கும். அவர் பெயரில் செட்டிபாளையத்தில் 2003-இல் கரி மோட்டார் ஸ்பீட்வே வந்தது.

ரெப்ளிகா கட்ட இதைவிடத் தகுதியான கார் நமக்கு எது? மாருதி 800 உற்பத்தி 2014-இல் நின்றது. ஆனால் ஒவ்வொரு ஊர் காயலான் கடையிலும் அதன் எஞ்சின் கிடக்கிறது. இரண்டு பார்முலா ஒன் ஓட்டுநர்களைக் கொடுத்த கார், ஒரு இஞ்சினியரிங் கல்லூரி வொர்க்‌ஷாப்பில் மாணவர்கள் கையால் மறுபடி எழுந்தால் எப்படி இருக்கும்! பெரம்பலூர் மாவட்டத்தில் கல்லூரிகளுக்கா பஞ்சம்? எங்கள் ஊருக்குப் பக்கத்தில் நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். டயர் ஆலை இருக்கிறது. அந்தக் கம்பெனி டயரில் ஓடித்தான் 2022-இல் ஸ்பெயின் நாட்டு எஃப்ரேன் யரேனா ஐரோப்பிய ராலி சாம்பியன் ஆனார். ரேஸ் எங்கோ வெளிநாட்டு விஷயம் என்று எங்கள் பிள்ளைகள் நினைப்பது எனக்கு வருத்தம்.

சட்டத்தைப் பற்றியும் கேட்டான். கேட்க வேண்டியதுதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் இருக்கிற தயாரிப்பாளர் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2021-இல் வின்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி வந்தது. 50 வயதைக் கடந்திருக்க வேண்டும், சேசிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், புதுப்பிக்க 5,000. நம்பர் பிளேட்டில் வி.ஏ. என்ற எழுத்து வரும். அறுத்துக் கட்டிய ஹெரால்டு இதற்குள் வராது. எந்தப் பிரேக் இன்ஸ்பெக்டரும் அதற்கு எஃப்.சி. போட மாட்டார், போடவும் கூடாது. அது டிராக்குக்கு மட்டுமான வண்டி. லோடு வண்டியில் ஏற்றித்தான் இருங்காட்டுக்கோட்டைக்கோ செட்டிபாளையத்துக்கோ கொண்டுபோக வேண்டும். எங்கள் ஊரிலிருந்து இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தூரம். நம் நெடுஞ்சாலையில் ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது.

டிராக்கிலும் சும்மா விடமாட்டார்கள். ரோல் கேஜ், பல முனை சீட் பெல்ட், தீயணைப்பான், வெளியிலிருந்தே பேட்டரியைத் துண்டிக்கிற சுவிட்ச். இந்த நான்கிலும் "அந்தக் காலத்துல இதெல்லாம் இல்லையே" என்று வாதம் செய்யக் கூடாது. ரெப்ளிகாவில் பழமையை எங்கே வேண்டுமானாலும் காப்பாற்றலாம், உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றக் கூடாது. ரோல் கேஜ் குழாய் புதியதாக இருக்க வேண்டும். பழைய தண்ணீர் பைப்பை வளைத்து வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் உருளலிலேயே மடங்கிவிடும்.

நகலை நகல் என்று சொல்வதிலும் நேர்மை வேண்டும். வெளிநாட்டில் பழைய ரேஸ் காரின் நம்பர் தகட்டை மட்டும் வைத்துக்கொண்டு முழுக் காரையும் புதிதாகக் கட்டி ஒரிஜினல் விலைக்கு விற்ற வழக்குகள் கோர்ட் வரை போயிருக்கின்றன. ஜாகுவார் கம்பெனியே 1957 தீ விபத்தில் போன ஒன்பது எக்ஸ்.கே.எஸ்.எஸ். கார்களுக்குப் பதிலாக 2016-இல் புதிதாக ஒன்பது கட்டப்போவதாக அறிவித்தது. அவை புதியவை என்று வெளிப்படையாகச் சொல்லித்தான் விற்றது. அதுதான் முறை. நாம் கட்டுகிற காரிலும், யார், எந்த ஆண்டு, எந்தக் காரின் சேசிஸிலிருந்து கட்டினார்கள் என்று ஒரு பித்தளைத் தகட்டில் வெட்டி டாஷ்போர்டில் அடிக்க வேண்டும். அந்தத் தகட்டை என் லேத்திலேயே செய்துதருவதாக அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

அவன் அந்த ஹெரால்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். தகடு நன்றாக இருக்கிறது, கதவு நான்கும் மூடுகின்றன, ஆர்.சி.யும் இருக்கிறது. ஆகவே அறுக்கப் போவதில்லை. இப்போதைக்கு அதை ஹெரால்டாகவே எழுப்பி, வின்டேஜ் பதிவு வாங்குவது என்று பேசியிருக்கிறோம். ரேஸ் கார் ஆசைக்கு மாருதி 800 எஞ்சின் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறான். அவனோடு படிக்கிற பிள்ளைகள் நான்கு பேர் சேர்ந்திருக்கிறார்கள்.

இதைப் படிக்கிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு ஆல்பத்தில் சோழவரம் ரேஸ் படம் ஏதாவது இருந்தால், மங்கிப் போயிருந்தாலும் பரவாயில்லை, ஸ்கேன் செய்து வையுங்கள். பின்பக்கம் எழுதியிருக்கிற ஆண்டையும் பெயரையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். தோட்டத்துக் கொட்டகையில் ஹெரால்டோ கெஸலோ கிடந்தால், எடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை யாராவது தெரிந்த மெக்கானிக்கை வரவழைத்துக் காட்டுங்கள். உங்களிடமோ உங்களுக்குத் தெரிந்தவர்களிடமோ பழைய பார்முலா மாருதியின் சட்டம் இருந்தால், விற்க வேண்டாம், அளவெடுக்க மட்டும் எங்களை அனுமதியுங்கள். டேப்பும் வெர்னியரும் எடுத்துக்கொண்டு நாங்களே வருகிறோம்.